பீப்பாயை எண்ணியது யார்? போடோ எண்ணெய்க் கசிவு: ஒரு நிகழ்வு ஆய்வு

நைஜீரியாவின் தெற்கு ஓரத்தில், நைஜர் ஆற்றின் கழிமுகப் பகுதியில், போடோ என்று ஓர் ஊர் இருக்கிறது. 2008-இல் அந்த ஊர்ச் சதுப்புக்குள் போகிற கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெல்டிங் விட்டுப்போய்ப் பிளந்துகொண்டது. என்றைக்குப் பிளந்தது என்பதிலேயே தகராறு. ஆகஸ்ட் 28 என்றார்கள் ஊர்க்காரர்கள். அக்டோபர் 5 என்றது ஷெல் நிறுவனம். அடைத்த தேதியில் மட்டும் இரண்டு தரப்பும் ஒத்துப்போனார்கள்: நவம்பர் 7. மொத்தம் எவ்வளவு கொட்டியது என்று கேட்டால், விசாரணைப் படிவத்தில் எழுதியிருந்தது 1,640 பீப்பாய். குழாயிலிருந்து எண்ணெய் பீய்ச்சி அடித்ததை அந்தச் சமயத்தில் யாரோ வீடியோ எடுத்து வைத்திருந்தார்கள். அதை அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு ஓர் அமெரிக்கக் குழாய் நிபுணர் நிறுவனத்திடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னபோது வந்த விடை: ஒரு நாளைக்குக் குறைந்தது 1,440 பீப்பாய், அதிகபட்சம் 4,320. அதாவது, படிவத்தில் இருக்கிற மொத்தமும் ஏறக்குறைய ஒரே நாளில் கொட்டி முடிந்திருக்கும். ஊர்க் கணக்குப்படி கொட்டியது 72 நாள். குறைந்த எண்ணை வைத்தே பெருக்கினாலும் ஒரு லட்சம் பீப்பாயைத் தாண்டுகிறது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர்.

எண்ணெய் எடுத்தால் மண்ணும் தண்ணீரும் கெடும் என்று எழுதினால் அதில் யாருக்கும் புதிதாக ஒன்றும் இல்லை. கறுப்பு அப்பிய பறவையின் படத்தை எல்லோரும் பார்த்தாயிற்று. போடோ விவகாரத்தைத் தொடர்ந்து படித்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு விஷயம். கொட்டியவரே அளக்கிறார், அளந்தவரே படிவம் எழுதுகிறார், அப்புறம் இழப்பீடு, சுத்தம் செய்கிற வேலை, நீதிமன்ற வாதம் எல்லாவற்றுக்கும் அந்தப் படிவம்தான் ஆதாரம். எண்ணெய் அரசியல் முழுக்க அந்த ஒரு தாளுக்குள் மடித்து வைத்த மாதிரி இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை அந்தத் தாளைச் சுற்றியே போகும்; நடுவில் எங்காவது விலகினாலும் திரும்பி வந்துவிடும்.

கொஞ்சம் பின்கதை வேண்டும். போடோ இருப்பது ஓகோனி மக்களின் பகுதியில். ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீட்டர், அவ்வளவுதான். மேட்டில் மரவள்ளி, பள்ளத்தில் மீன், சேற்றில் நத்தையும் சிப்பியும் என்று வாழ்ந்த பகுதி. நைஜீரியாவில் வணிக அளவில் எண்ணெய் முதலில் கிடைத்தது 1956-இல், ஒலோய்பிரி என்ற ஊரில். 1958-இல் ஏற்றுமதி தொடங்கியது. அதே ஆண்டு ஓகோனியின் போமுவிலும் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். அந்தக் காலத்தில் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்தவை கடலையும் கோகோவும் பாமாயிலும். அவை விளைந்தது பெரிய இனக் குழுக்களின் பகுதிகளில். அப்போது இருந்த ஏற்பாடு, ஒரு பகுதியின் கனிம வருமானத்தில் 50 சதவீதம் அந்தப் பகுதிக்கே என்பது. பிறகு எண்ணெய் பெருகியது, அதுவோ சிறுபான்மை இனங்கள் வாழும் கழிமுகத்தில் கிடைத்தது. பயாஃப்ரா உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1969-இலேயே, நிலத்தடி எண்ணெய் முழுக்க மத்திய அரசுக்குச் சொந்தம் என்று பெட்ரோலியச் சட்டம் வந்தது. 1978-இல் நிலப் பயன்பாட்டுச் சட்டம் வந்து நிலத்தையே மாநில ஆளுநரின் கைக்கு மாற்றியது. எண்ணெய் கிடைக்கும் பகுதிக்கான பங்கு தேய்ந்து தேய்ந்து 1980-களில் 1.5 சதவீதத்துக்கு வந்து, 1992-இல் பெரிய மனது பண்ணி 3 சதவீதம் ஆனது. இப்போது அரசியல் சட்டப்படி குறைந்தது 13.

பெரியவர்கள் வீட்டில் விளைந்தபோது பாதிப் பங்கு, சிறியவர்கள் வீட்டில் ஊறியபோது நூற்றுக்கு ஒன்றரை. கென் சாரோ விவா திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். தொலைக்காட்சித் தொடர் எழுதி நாடு முழுக்கத் தெரிந்த எழுத்தாளர் அவர், ஓகோனிக்காரர். 1990-இல் ஓகோனி மக்களின் உரிமைச் சாசனம் வெளியானது, மோசோப் என்ற இயக்கம் உருவானது. 1993 ஜனவரி 4 அன்று நடந்த ஊர்வலங்களில் மூன்று லட்சம் பேர் வந்தார்கள் என்று இயக்கம் சொல்கிறது. ஓகோனி மக்கள்தொகையே அப்போது ஐந்து லட்சம் அளவில்தான். அந்த ஆண்டிலேயே ஷெல் ஓகோனிக் கிணறுகளில் எண்ணெய் எடுப்பதை நிறுத்திவிட்டு வெளியேறியது.

அதற்கப்புறம் நடந்தது உலகத்துக்கே தெரியும். 1994 மே மாதம் இயக்கத்தோடு முரண்பட்ட நான்கு ஓகோனித் தலைவர்களை ஒரு கும்பல் கொன்றது. ஜெனரல் அபாச்சாவின் ராணுவ அரசு அந்தப் பழியை சாரோ விவா மீதும் தோழர்கள் மீதும் போட்டது. தனி நடுவர் மன்றம், மேல்முறையீடு கிடையாது. 1995 நவம்பர் 10 அன்று போர்ட் ஹார்கோர்ட் சிறையில் ஒன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். காமன்வெல்த் தலைவர்கள் அப்போது ஆக்லாந்தில் கூடியிருந்தார்கள். மறுநாளே நைஜீரியாவின் உறுப்பினர் தகுதியை இடைநிறுத்தினார்கள். அரசுத் தரப்புச் சாட்சிகளில் சிலர், பணம் வாங்கிக்கொண்டு சாட்சி சொன்னோம் என்று பிற்பாடு எழுதிக் கொடுத்தார்கள். தனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று ஷெல் மறுத்தது, மறுத்துக்கொண்டே இருக்கிறது. குடும்பங்கள் நியூயார்க்கில் போட்ட வழக்கை 2009-இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், 1.55 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் தூக்குமேடையோடு நிறுத்திவிடுவார்கள். போடோ புரிய வேண்டுமானால் அதற்கடுத்த ஒரு சின்ன விவரம் வேண்டும். 1993-இல் நின்றது கிணறு மட்டும். குழாய் நிற்கவில்லை. டிரான்ஸ் நைஜர் என்ற அந்தப் பெருங்குழாய் வேறு ஊர்க் கிணறுகளின் எண்ணெயை ஓகோனி வழியாகக் கடற்கரையில் இருக்கும் போனி முனையத்துக்குக் கொண்டுபோகிறது, ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சம் பீப்பாய்க்கு மேல் தாங்கும். சொந்த ஊரில் ஒரு சொட்டு எண்ணெயும் எடுக்காத காலத்தில், ஊரான் எண்ணெய் வந்து கொட்டி போடோ நாசமாயிற்று. வெளியேறிய பிறகு அந்தக் குழாயை யார் பார்த்துக்கொண்டார்கள்? இதற்கான விடை பல ஆண்டுகள் கழித்து லண்டனில் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கசிவை இப்போது கிட்டத்தில் பார்க்கலாம். போடோ ஓடை கடலோடு சேர்ந்த ஓடை. தினமும் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். ஆற்றில் கொட்டிய எண்ணெய் ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே அப்படி இல்லை. ஏற்றத்தில் எண்ணெய் மரங்களுக்குள் ஏறும், வற்றத்தில் இறங்கும்போது வேரிலும் சேற்றிலும் ஒரு பூச்சு விட்டுவிட்டுப் போகும், ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் கழித்து அடுத்த பூச்சு. சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி கோட் மேல் கோட். அலையாத்தி மரங்கள் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள் வழியாகத்தான் மூச்சு விடுகின்றன. சதுப்பு மண்ணுக்குள் காற்றே கிடையாது. அந்த வேரின் நுண்துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டால் மரம் நின்றபடியே செத்துப்போகும். சேற்றுக்குள் இறங்கிய எண்ணெயும் லேசில் சிதையாது, அதைத் தின்னும் நுண்ணுயிருக்கும் காற்று வேண்டுமே. மரம் போனால் வேருக்கடியில் குஞ்சு பொரிக்கிற மீன் போகும், வேரில் ஒட்டியிருக்கிற சிப்பி போகும், வற்றத்தில் பெண்கள் குனிந்து பொறுக்குகிற பெரிவிங்கிள் என்ற சின்ன நத்தை போகும். அந்த ஊரில் கடைக்குப் போகாமல் குழம்புக்குக் கிடைத்த புரதம் இதெல்லாம்தான். ஓடையைச் சுற்றி ஆயிரம் ஹெக்டேருக்கு அலையாத்தி அழிந்தது என்பது வழக்குப் போட்டவர்கள் தரப்புக் கணக்கு. ஒரு குழாய் அடைபட்ட ஒரே மாதத்தில், டிசம்பர் 7 அன்று, அதே குழாய் வேறோர் இடத்தில் திரும்ப விட்டது. அதை அடைக்க 2009 பிப்ரவரி ஆனது. இரண்டாவது படிவம் சொன்ன அளவு 2,503 பீப்பாய்.

சரி, இந்தப் படிவம் எப்படித் தயாராகிறது? கசிவு என்று தகவல் வந்தால் ஒரு கூட்டு விசாரணைக் குழு சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்பது நைஜீரிய நடைமுறை. கம்பெனி ஆட்கள், எண்ணெய்த் துறை அதிகாரிகள், எண்ணெய்க் கசிவுக்காகவே 2006-இல் உருவாக்கிய அரசு முகமை, ஊர்ப் பிரதிநிதிகள், எல்லோரும் சேர்ந்து பார்த்து, தேதி, காரணம், அளவு, பரவிய பரப்பு என்று நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டும். காகிதத்தில் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில், சதுப்புக்குள் போகப் படகோ ஹெலிகாப்டரோ வேண்டும், அது கம்பெனியிடம்தான் இருக்கிறது. குழாயில் எவ்வளவு அழுத்தம், எத்தனை மணிக்குக் குறைந்தது என்ற தரவு கம்பெனியிடம் இருக்கிறது. தோண்டி எடுத்துப் பார்க்கிற பொறியாளரும் கம்பெனி ஆள்தான். அரசு முகமையிடம் வண்டிக்கும் வசதி இல்லை, கசிவைத் தானாகக் கண்டுபிடிக்கவும் வழி இல்லை, எண்ணெய்க் கம்பெனியின் படகில்தான் ஏறிப் போகிறது என்று ஐநா சுற்றுச்சூழல் திட்டமே எழுதியிருக்கிறது. திருட்டு வீட்டுக்கு விசாரிக்கப் போகிற போலீஸ்காரர், குற்றம் சாட்டப்பட்டவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போன கதைதான்.

அரசு தனியாக நின்று கண்டிக்கலாமே என்று தோன்றும். நிற்க முடியாது, ஏனென்றால் அரசும் பங்காளி. ஷெல் நடத்திய கூட்டு நிறுவனத்தில் அப்போது நைஜீரிய அரசின் எண்ணெய்க் கழகத்துக்கு 55 சதவீதம், ஷெல்லுக்கு 30, டோட்டலுக்கு 10, அஜிப்புக்கு 5. இழப்பீடு கொடுத்தால் பாதிக்கு மேல் அரசுக் கணக்கிலிருந்து போகும். குழாய் ஒரு நாள் நின்றாலும் அரசுக்குத்தான் முதல் அடி.

படிவத்தில் மிக முக்கியமான கட்டம், காரணம் என்ற கட்டம். குழாய் தானாகப் பழுதானால் கம்பெனி இழப்பீடு கொடுக்க வேண்டும். வெளியாள் சேதப்படுத்தியது, நாசவேலை, என்று எழுதிவிட்டால் நைஜீரியச் சட்டப்படி பெரும்பாலும் கொடுக்க வேண்டியதில்லை. அளவு என்ற கட்டம் இழப்பீட்டின் கனத்தைத் தீர்மானிக்கிறது. ஆக மொத்தம், கம்பெனியின் பொறுப்பு எவ்வளவு என்பதைக் கம்பெனியின் படகில் போய், கம்பெனியின் தரவை வைத்து, கம்பெனியின் பங்காளியான அரசு முன்னிலையில் எழுதுகிறார்கள். போடோவில் காரணம் என்ற கட்டத்தில் குழாய்ப் பழுது என்றே எழுதினார்கள், அதை ஷெல் மறுக்கவும் இல்லை. மறுக்க முடியாத அளவுக்கு வெல்டிங் வாயைப் பிளந்துகொண்டு நின்றது என்று நினைக்கிறேன். மிச்சம் இருந்தது அளவு மட்டும். இரண்டு கசிவும் சேர்த்து 4,000 பீப்பாய்க்குக் கொஞ்சம் மேல் என்ற எண்ணில் கம்பெனி பல ஆண்டுகள் அசையாமல் நின்றது.

2009 மே மாதம், முதல் கசிவு நடந்து எட்டு மாதம் கழித்து, நிவாரணம் என்று வந்தது மூட்டைக் கணக்கில்: அரிசி 50 மூட்டை, பீன்ஸ் 50 மூட்டை, மரவள்ளிக் குருணை 50 மூட்டை, தக்காளி 50 பெட்டி, கடலை எண்ணெய் 50 டின். போடோவின் மக்கள்தொகை ஏறக்குறைய 49,000. ஆயிரம் பேருக்கு ஒரு டின் கடலை எண்ணெய். எண்ணெய் கொட்டிய ஊருக்கு எண்ணெய் டின் அனுப்ப வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை, ஊர் அதை அவமானமாகத்தான் எடுத்துக்கொண்டது.

ஊர்க்காரர்கள் லண்டனில் இருக்கும் லீ டே என்ற வழக்கறிஞர் நிறுவனத்தைப் பிடித்தார்கள். 2011-இல் ஷெல்லின் நைஜீரியக் கிளை, இரண்டு கசிவுக்கும் நாங்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டது. பேச்சுவார்த்தை தொகையில் முட்டிக்கொண்டு நின்றதும், 2012-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. இங்கேதான் விஷயம் திரும்பியது. ஆங்கில நீதிமன்ற நடைமுறைப்படி எதிர்த்தரப்பு தன்னிடம் இருக்கும் ஆவணங்களைக் காட்டியாக வேண்டும். அப்படி வெளியே வந்தவற்றில் 2002-ஆம் ஆண்டின் ஓர் உள் ஆவணம், பெருங்குழாய்களில் பெரும்பாலானவற்றின் மிச்ச ஆயுள் ஏறக்குறைய இல்லை அல்லது மிகக் குறைவு என்றும், சில பகுதிகளில் பெரும் ஆபத்து இருக்கிறது என்றும் சொல்கிறது. கசிவுக்கு ஆறு ஆண்டு முன்னால் எழுதியது. 2009-இல் ஓர் ஊழியர் அனுப்பிய மின்னஞ்சல் இன்னும் நேரடியானது: ஓகோனிப் பகுதிக் குழாய்களை 15 ஆண்டுக்கும் மேலாகச் சரியாகப் பராமரிக்கவில்லை, அவற்றின் உறுதியைச் சோதிக்கவும் இல்லை, கம்பெனி வசமாக மாட்டிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது என்கிற பொருளில். 2009-இலிருந்து 15-ஐக் கழித்துப் பாருங்கள், 1993-94-இல் வந்து நிற்கிறது. மேலே பாதியில் விட்ட கேள்விக்கு விடை இதுதான். ஆள் வெளியேறினார்கள், எண்ணெய் மட்டும் யாரும் பார்க்காத குழாயில் ஓடிக்கொண்டே இருந்தது.

பராமரிக்கப் போனால் ஊர்க்காரர்கள் விடவில்லை, பாதுகாப்பு இல்லை என்பது கம்பெனியின் வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஒரு குழாயைப் பார்க்கவே போக முடியவில்லை என்றால் அதில் எண்ணெய் விடுவதை நிறுத்தியிருக்க வேண்டும். பார்க்க முடியாது, ஆனால் ஓட்டுவோம் என்பது எந்த ஊர்ப் பொறியியல்?

2014 ஜூனில் நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: குழாயில் மூன்றாம் ஆள் கைவைத்துச் சேதம் வந்தாலும், அதைத் தடுக்க நியாயமான பாதுகாப்பு செய்யவில்லை என்றால் கம்பெனியைப் பொறுப்பாக்கலாம். அதே ஆண்டு நவம்பர் வாக்கில், படிவத்தில் இருந்த எண்கள் சரியில்லை, கொட்டியது அதைவிட அதிகம் என்று ஷெல் நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்டது வெளியே வந்தது. ஆறு ஆண்டு ஊர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள், விசாரணை தேதி நெருங்கியதும் ஒப்புக்கொண்டார்கள். வழக்கு முழு விசாரணைக்குப் போகவில்லை. 2015 ஜனவரியில் 5.5 கோடி பவுண்டுக்குச் சமரசம்: 15,600 பேருக்குப் பிரித்துக்கொடுக்க 3.5 கோடி, ஊருக்குப் பொதுவாக 2 கோடி. தலைக்கு 2,200 பவுண்டு சுமாருக்கு வந்தது, அன்றைய கணக்கில் ஆறு லட்சம் நைரா. நைஜீரியாவின் அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 18,000 நைரா. அதன்படி 33 மாதச் சம்பளம்.

இதை வெற்றி என்று கொண்டாடியவர்கள் உண்டு, அதில் தப்பும் இல்லை. கழிமுகத்தில் இதற்கு முன் ஓர் ஊருக்கு இப்படிப் பணம் வந்ததில்லை. எனக்கு உறுத்துவது, சமரசம் ஆனதால் உண்மையில் எத்தனை பீப்பாய் என்ற கேள்விக்கு ஒரு நீதிபதி கடைசிவரை விடை எழுதவில்லை என்பதுதான். படிவத்தின் எண் பொய்த்தது, அந்த இடத்தில் வேறு எண் வந்து உட்காரவில்லை. 33 மாதச் சம்பளம் 33 மாதத்துக்குத்தான் வரும், மரம் வளர அதைவிட நாளாகும். ஓடையைச் சுத்தம் செய்யத் தனியாக ஒரு மத்தியஸ்த அமைப்பு முன்னாள் டச்சுத் தூதர் ஒருவர் தலைமையில் 2013-இலேயே தொடங்கியும், வேலை இழுத்து இழுத்து, உருப்படியாகத் தொடங்கியது 2017-இல்தான். கசிந்து ஒன்பது ஆண்டு.

எண்ணெய்த் திருட்டு பற்றிப் பேசாமல் விட்டால் இந்த ஆய்வு ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். கழிமுகத்தில் குழாயில் ஓட்டை போட்டுக் கச்சா எண்ணெய் எடுப்பது பெரிய தொழில். காட்டுக்குள் இரும்புப் பீப்பாய்களை அடுப்பாக்கி, கீழே தீ மூட்டி, குழாய் வைத்து ஆவியைக் குளிரவைத்து டீசல் இறக்குகிறார்கள். சாராயம் காய்ச்சுகிற அதே வேலைதான், சரக்குதான் வேறு. வடிந்தது போக மிஞ்சுகிற தார்க்கழிவை அப்படியே ஓடையில் கொட்டிவிடுவார்கள். வெடித்துச் செத்தவர்கள் ஏராளம். போர்ட் ஹார்கோர்ட் நகரத்தில் கொடியில் காய்கிற துணியில் கரி படிவதற்கு இந்த அடுப்புகளும் ஒரு காரணம். போடோ வெஸ்ட் என்ற இடத்தில் 2007 முதல் 2011 வரை இந்த அடுப்புகள் பெருகிய காலத்தில் ஆரோக்கியமான அலையாத்திப் பரப்பில் 10 சதவீதம் குறைந்தது என்று ஐநா அறிக்கை பதிவு செய்கிறது. ஆக, கம்பெனி சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் வருடங்களைப் பாருங்கள். 2008-இல் மீன் போனது. அந்த நாலு வருடத்தில் அடுப்பு பெருகியது. மீன் போனதால்தான் அடுப்புக்குப் போனார்கள் என்று நான் சத்தியம் பண்ண முடியாது. வலை காய்ந்துகிடக்கிற ஊரில் இளைஞர்கள் வேறு எதற்குப் போயிருப்பார்கள் என்று மட்டும் கேட்கலாம்.

ஐநா அறிக்கை என்றேன். அதுதான் ஓகோனியை முதல் தடவையாக வேறு கையால் அளந்தது. நைஜீரிய அரசு கேட்டு, ஷெல் கூட்டு நிறுவனத்தின் பணத்தில், ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 14 மாதம் ஆய்வு செய்து 2011 ஆகஸ்டில் வெளியிட்டது. 200-க்கும் மேற்பட்ட இடங்கள், 122 கிலோமீட்டர் குழாய்ப் பாதை, 4,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள், 5,000-க்கும் மேற்பட்ட மருத்துவப் பதிவுகள். நிசிசியோகென் ஒகாலே என்ற ஊரில் நிலத்தடி நீரின் மேல் 8 சென்டிமீட்டர் தடிமனுக்கு எண்ணெய் மிதந்தது. ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் விட்டால் ஏறக்குறைய அடிவரை எண்ணெய்தான் ஒட்டும், தண்ணீர் அதற்குக் கீழே. அங்கே மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்று நீரில் பென்சீன், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் பொருள், உலக சுகாதார அமைப்பின் வரம்பைவிட 900 மடங்குக்கு மேல். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த இடத்துக்குப் பக்கத்தில் போவது ஷெல்லின் குழாய் இல்லை, அரசு எண்ணெய்க் கழகத்தின் குழாய். அரசும் பங்காளி என்று மேலே சொன்னேனே, கொட்டுவதிலும்தான்.

நம் படிவத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட கண்டுபிடிப்பு வேறு. சுத்தம் செய்து முடித்தாயிற்று என்று ஷெல் கூட்டு நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்த 15 இடங்களை ஐநா ஆட்கள் சோதித்தார்கள். அதில் 10 இடங்களில் மாசு இன்னும் வரம்பைத் தாண்டி இருந்தது, கம்பெனி தனக்குத் தானே வைத்துக்கொண்ட வரம்பையும் சேர்த்து. சுத்தம் செய்கிற முறையே அரைகுறை: மேல்மண்ணைப் புரட்டிப் போட்டு, உரம் போட்டு, நுண்ணுயிர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது. எண்ணெய் மேலேயே நிற்கும் என்ற நம்பிக்கையில் செய்தது. அங்கே கொட்டுகிற மழைக்கு எண்ணெய் எங்கே மேலே நிற்கும்? 49 இடங்களில் 5 மீட்டர் ஆழத்திலும் இருந்தது. அளவைக் குறைத்து எழுதுவது தொடக்கத்தில் நடந்தது போலவே, முடித்துவிட்டோம் என்று எழுதுவதும் முடிவில் நடந்திருக்கிறது. முழுவதும் மீள 25 முதல் 30 ஆண்டு ஆகும், முதல் ஐந்து ஆண்டுக்கே 100 கோடி டாலர் ஒதுக்குங்கள் என்றது அறிக்கை. அரசு அதற்காக ஹைப்ரெப் என்ற அமைப்பை 2012-இல் தொடங்கி, அதுவும் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேயே வைத்து, 2016-இல் போடோவில் மேடை போட்டுத் திரும்பத் தொடங்கி, களத்தில் மண்வெட்டி இறங்கியது 2019-இல்.

மற்ற வழக்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-இல், ஓகோனி ஒன்பதின்மரில் ஒருவரின் மனைவி மற்றவர்களோடு சேர்ந்து போட்ட கியோபெல் வழக்கில், வெளிநாட்டில் நடந்ததை இங்கே விசாரிக்க மாட்டோம் என்று கதவைச் சாத்தியது. நெதர்லாந்தில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021 ஜனவரியில் கோய், ஒருமா ஊர்க் கசிவுகளுக்கு ஷெல்லின் நைஜீரியக் கிளை பொறுப்பு என்றது, 2022-இல் 1.5 கோடி யூரோவுக்குச் சமரசம். 1970-இல், போர்க் காலத்தில் உடைந்ததாகச் சொல்லும் எஜாமா எபுபு கசிவுக்கு 11.1 கோடி டாலர் கொடுக்க 2021-இல், ஐம்பது ஆண்டு கழித்து, ஷெல் ஒத்துக்கொண்டது. ஒகாலே, பில்லே ஊர்களின் வழக்கை லண்டனில் நடத்தலாம் என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொன்னது. எஜாமா எபுபு வழக்கு நைஜீரிய நீதிமன்றத்தில் நடந்தது; அதை விட்டுவிட்டு மற்றதை வரிசையாக வைத்துப் பார்த்தால், கம்பெனியின் அலமாரியைத் திறக்க முடிகிற நாட்டில்தான் ஊருக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கிடைக்காத படிவத்தின் மறுபக்கம் லண்டனிலும் ஹேக்கிலும் கிடைத்தது. இதில் நைஜீரிய நீதிபதிகளைக் குறை சொல்லிப் பயன் இல்லை, ஓர் ஊர் மீனவரால் அங்கே எத்தனை வருடம் வக்கீலுக்குக் கட்ட முடியும்?

2025 மார்ச் 13 அன்று ஷெல் தன் நைஜீரிய நிலப்பகுதித் தொழிலை, கழிமுகக் குழாய்கள் உட்பட, ரெனேசான்ஸ் என்ற கூட்டமைப்புக்கு விற்று முடித்தது. மொத்த மதிப்பு 240 கோடி டாலர் வரை. பழைய கசிவுகளைச் சுத்தம் செய்யும் கடன் யார் தலையில் என்று கழிமுகத்து ஊர்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. ஜூன் 12 அன்று அதிபர் டினுபு, சாரோ விவா உள்ளிட்ட ஒன்பது பேருக்கும் மன்னிப்பு அறிவித்து, தேசிய விருதும் கொடுத்தார். குற்றமே செய்யாதவர்களுக்கு எதற்கு மன்னிப்பு, தீர்ப்பை ரத்து செய்யுங்கள் என்று ஓகோனித் தரப்பில் கோபப்பட்டார்கள். ஓகோனியில் திரும்ப எண்ணெய் எடுக்கிற பேச்சு அந்த ஆண்டு ஜனவரியிலிருந்தே நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால், மன்னிப்புக்கு வந்த அவசரம் கொஞ்சம் புரிகிறது.

விற்று முடித்த நான்காம் நாள், மார்ச் 17 இரவு, டிரான்ஸ் நைஜர் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. இடம் போடோ. மறுநாள் டினுபு, மாநில அரசியல் சண்டையையும் குழாய்ச் சேதத்தையும் காரணம் காட்டி, போடோ இருக்கும் ரிவர்ஸ் மாநிலத்தில் நெருக்கடி நிலை அறிவித்து ஆளுநரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தார். 2008-இல், ஊர்க் கணக்குப்படி 72 நாள், கொட்டியபோது அபுஜாவில் யாரும் எதையும் அறிவிக்கவில்லை.